ஆறு மணி வரை

நூற்று எண்பத்தொன்பது டாலர்.
வரி சேர்த்தால் இருநூற்று மூன்றும் சில்லறையும்.
விச்சிட்டா நகரத்து அடகுக் கடையில்
தொங்கும் கிடார்களுக்குக் கீழே,
கண்ணாடிப் பெட்டிக்குள்,
மூன்று கைக்கடிகாரங்களுக்கும்
யாருடையதோ ஒரு கல்யாண மோதிரத்துக்கும் நடுவில்
படுத்திருக்கிறது.

"இனி இது வராது" என்கிறாள் டார்லீன்.
"கம்பெனியை மூடிவிட்டார்கள்.
கன்சாஸ் முழுக்கத் தேடுங்கள், இன்னொன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்."

ஜார் கிடைக்காமல்
நல்ல மிக்ஸியைத் தூக்கிப் போட்டவள் நான்.
கேட்கத் தெரியும் எனக்கு.
உதிரி மேகசின்?
"உள்ளே இருப்பது ஒன்றுதான். தொலைக்காதீர்கள்."
ஊசி உடைந்தால்?
தோளைக் குலுக்குகிறாள்.
குண்டு சிக்குமா?
"எட்டில் ஒன்று. எப்போதாவது."
எட்டும் சிக்காமல் போகிறதற்கு
ஐந்நூறு டாலர் ஆகுமாம்.
அது அடுத்த பெட்டியில் இருக்கிறது,
வெல்வெட் துணிமேல்.

கத்தரிக்காய் பேரம்போல
நூற்று அறுபது என்றேன்.
சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை.
"காலையிலிருந்து இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள்.
உங்களுக்காக ஆறு மணி வரை வைத்திருக்கிறேன், ஷென்."
செண்பகவல்லியில் அவளால் தூக்க முடிந்தது
அவ்வளவுதான்.

பிறகு அதை என் கையில் வைத்தாள்.
மலிவான சாமானுக்கு இத்தனை கனமா?
மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இங்கே பயத்தைத் தீர்க்கத்தான்
மடியில் கனத்தை வைத்துக்கொள்கிறார்கள்.
"வாயை மட்டும் உங்கள் பக்கம் திருப்பாதீர்கள்" என்றாள்.

ஏற்கெனவே திரும்பியிருக்கிறது, டார்லீன்.
ஒன்பதாம் தேதி இரவு, இரண்டேகால் மணி.
நாலாம் பம்ப்பில் யாருமில்லை.
பச்சைத் தொப்பிச் சட்டைக்காரன்
கல்லாவுக்கு நேரே நீட்டியது
இதே சதுரத் தாடை,
கீழ்ப் பக்கம் உடைந்த பல்லைப்போல இதே பள்ளம்.
இதுவல்ல அது. ஆனால் இந்த ஜாதி.
முன்பக்கம் எனக்கு மனப்பாடம்.
பின்பக்கத்தை இன்றுதான் பார்க்கிறேன்:
ஒன்றுமில்லை, பெயின்ட் உரிந்த கைப்பிடி,
எவனோ கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து
வழவழப்பாக்கிய ஓர் ஓரம்.

அன்று அவன் எடுத்துப்போனது இருநூற்றுப் பதினொன்று.
இதில் ஒன்றை வாங்கிக்கொண்டு
மிச்ச எட்டு டாலருக்கு
காபியும் டோனட்டும் தின்றிருக்கலாம்.
பாவி, அவனுக்கு வரிசை மாறிப்போயிற்று.

காருக்குள் வந்து உட்கார்ந்தேன்.
ஐந்து முப்பத்தேழு.
ஹீட்டரைப் போடவில்லை, பெட்ரோல் கால் டேங்க்.
கதிரேசன் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"வீட்டில் எங்கே வைப்பாய்?"
வாங்காதே என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் இந்நேரம் வாங்கியிருப்பேன்.

எங்கே வைப்பேன்?
போன குளிர்காலத்தில் நிலவன்
இரண்டு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.
பதினாறு வயது. குளிக்கவில்லை, பேசவில்லை.
அப்போது வீட்டிலிருந்த பிளேடுகளையெல்லாம் பொறுக்கி
அரிசி டப்பாவின் அடியில் புதைத்தேன்.
அடுப்பே பற்றவைக்கத் தெரியாத பிள்ளை
அங்கே ஏன் பார்க்கப்போகிறான் என்று.
ஒரு செவ்வாய்க்கிழமை
தட்டில் சோற்றைப் பிசைந்தபடி மெல்லக் கேட்டான்:
"அரிசிக்குள்ளே ஏம்மா பிளேடு?"

இப்போது சிரிக்கிறான். மேத்ஸ் கிளப் போகிறான்.
அந்த வீட்டில்
அவனுக்குத் தெரியாத இடம் ஒன்றை
இந்த இருபது நிமிடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
அறை அறையாக, கண்ணை மூடி.

வெள்ளை பிக்கப் ஒன்று வந்து நின்றது.
பூட்ஸ் போட்டவன் இறங்கி அவசரமாக உள்ளே போனான்.
காலையில் போன் செய்தவனாக இருக்கும்.
அவனே வாங்கித் தொலைக்கட்டும், விட்டது தொல்லை.
வாங்கிக்கொண்டு இன்றிரவு
என் கடைக்குப் பால் வாங்க வருவானோ?

எனக்கு எட்டு மணிக்கு ஷிஃப்ட்.
பெல்ட்டைக் கழற்றினேன்.
மறுபடி மாட்டினேன்.
ஐந்து ஐம்பத்தாறு.